வேலையை நிறுத்துவதும் விசுவாசம்தான்: உழைப்பு, குடும்பம், ஓய்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

யாத்திராகமம் 18-ம் அதிகாரம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலரை நடத்திவந்த மோசே காலைமுதல் சாயங்காலம்வரை உட்கார்ந்து ஜனங்களுடைய வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். மாமனார் எத்திரோ அதைப் பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர், பத்துப் பேருக்கு ஒருவர் என்று தலைவர்களை ஏற்படுத்தி, பாரத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறார். நிர்வாகத்துக்கு நல்ல பாடம் என்று சொல்லி நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களில் வேறொரு செய்தி இருக்கிறது. எத்திரோ தனியாக வரவில்லை. மோசே முன்பு திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு வனாந்தரத்துக்கே வந்திருக்கிறார். வந்தவர்களை மோசே அன்போடு வரவேற்கிறார். மறுநாள் விடிந்ததும் வழக்குகளைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார். எழுந்திருக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சிப்போராள் என்ன நினைத்தாள் என்று வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் "இது நல்லதல்ல" என்று சொன்னவர் அவளுடைய தகப்பன் என்பதை நான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

மோசே செய்துகொண்டிருந்தது தேவன் அவருக்குக் கொடுத்த வேலை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கெட்டதை விட்டுவிடு என்றால் நமக்குப் புரியும். நேர்மையான உழைப்பும் நல்லது, குடும்பமும் நல்லது, சபை ஊழியமும் நல்லது, தூக்கமும் நல்லது. எல்லாம் ஒரே நாளில் நம்மைக் கேட்கும்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் பதிலை அடிப்படையிலிருந்து பார்ப்போம். 24 மணி நேரத்தை எப்படிப் பங்குபோடுவது என்ற கணக்கு அதில் பிறகுதான் வருகிறது. நம்மைப் போஷிக்கிறவர் யார் என்ற கேள்வியே முதலில் வருகிறது.

முதலில் வேலையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். ஆதாம் பாவம் செய்ததால்தான் மனிதனுக்கு வேலை வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆதியாகமம் 2:15-ஐப் பாருங்கள். தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் தேவன் மனிதனை அங்கே வைக்கிறார். விலக்கப்பட்ட கனியின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. முள்ளும் குருக்கும், நெற்றி வேர்வையும் மூன்றாம் அதிகாரத்தில் வந்து சேர்ந்தவை. அதாவது, வேலை தேவன் தந்த ஈவு; அதில் உள்ள சலிப்பும் வீணான பாடும் வீழ்ச்சியின் விளைவு. அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினார். ஆகவே, கடினமாக உழைக்கும் ஒருவர் அதற்காக வெட்கப்படவோ குற்ற உணர்வு கொள்ளவோ தேவையில்லை.

சம்பளம் வரும் வேலை மட்டும்தான் வேலை என்ற எண்ணமும் விசுவாசத்துக்கு ஒத்துவராது. 1522-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, குழந்தையின் அழுக்குத் துணிகளைத் துவைக்கும் தகப்பனைப் பற்றிப் பேசினார். அவனை மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கலாம். அவன் அதை விசுவாசத்தோடு செய்தால், தேவன் தம்முடைய தூதர்களோடு அவனைப் பார்த்து மகிழ்கிறார் என்றார். துறவிகள் மட்டுமே தேவ அழைப்பு பெற்றவர்கள் என்று எண்ணப்பட்ட காலத்தில் அது துணிச்சலான பேச்சு. சமையல், பிள்ளை வளர்ப்பு, முதியவர்களைப் பராமரிப்பது எல்லாம் தேவனுக்குமுன் வேலையே. இதை வீட்டிலிருக்கும் ஆண்கள் முதலில் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஏழாம் நாள் சொல்லும் செய்தி

வேலை நல்லது என்றால், அதற்கு எல்லை எதற்கு? இங்கேதான் ஓய்வுநாள் வருகிறது. இந்த விஷயத்தில் கிறிஸ்தவம் சொல்வதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

படைப்பின் வரலாற்றில் மனிதன் ஆறாம் நாளில் உண்டாக்கப்படுகிறான். மறுநாள் தேவன் ஓய்ந்திருக்கிறார். அப்படியானால், மனிதன் கண்ட முதல் முழு நாளே ஓய்வுநாள். அவன் இன்னும் எதையும் சாதிக்கவில்லை. ஓய்வு பெறும் தகுதியை உழைத்துச் சம்பாதிக்கவும் இல்லை. நாமோ உழைத்து ஓய்ந்துபோன பிறகுதான் ஓய்வெடுக்க உரிமை உண்டு என்று எண்ணுகிறோம். வேதாகமத்தின் வரிசை தலைகீழாக இருக்கிறது: ஓய்விலிருந்து எழுந்து மனிதன் வேலைக்குப் போகிறான்.

பத்துக் கற்பனைகள், அதாவது தேவன் மோசே மூலம் கொடுத்த பத்துக் கட்டளைகள், வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமம் 20-ல், தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்தார், ஆகையால் நீயும் ஓய்ந்திரு என்று காரணம் சொல்லப்படுகிறது. உபாகமம் 5-ல் காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை விடுவித்தார், அதை நினைத்துக்கொள் என்கிறது. செங்கல் கணக்கு குறையக் கூடாது என்று விரட்டிய எகிப்தின் அரசன் பார்வோனிடம் விடுமுறை கிடையாது. அடிமைகளாயிருந்தவர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் "இன்று நான் யாருக்கும் அடிமை இல்லை" என்று வாழ்ந்துகாட்டும் நாள் கொடுக்கப்பட்டது. இன்று நம்மை விரட்டுவது வெளியிலிருக்கும் பார்வோனாகவே இருக்க வேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளுக்குள் ஒலிக்கும் குரலும் செங்கல் எண்ணுகிறது.

அந்தக் கற்பனை யாரையெல்லாம் பெயர் சொல்லி அழைக்கிறது என்பதையும் கவனியுங்கள். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசல்களுக்குள் இருக்கும் அந்நியன். எஜமான் ஓய்வெடுக்க, வேலைக்காரி பரிமாறிக்கொண்டிருப்பது ஓய்வுநாள் ஆகாது. குடும்பத்தில் ஒருவர் படுத்திருக்க, இன்னொருவர் அடுப்படியிலிருந்து வெளியே வராத ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை வீடுகளில் நடக்கின்றன!

இதற்குமேல் ஒரு வசனம் இருக்கிறது. விதைக்கும் காலத்திலும் அறுக்கும் காலத்திலும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று யாத்திராகமம் 34:21 சொல்கிறது. விவசாயிக்கு அந்த இரண்டு பருவங்களில் ஒரு நாள் தவறினாலும் நஷ்டம். வேலை குறைவாக இருக்கும்போது ஓய்வெடுக்க யாருக்கும் விசுவாசம் தேவைப்படாது. "இந்த ஒரு வேலை முடியட்டும், பிறகு வீட்டைக் கவனிக்கிறேன்" என்று நாம் தள்ளிப்போடுவது அறுவடைக் காலத்தில்தான்.

வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் தந்த உணவாகிய மன்னாவின் கதை இதையே செயலில் காட்டுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கு வேண்டியதைப் பொறுக்கினார்கள். மறுநாளுக்கென்று சிலர் பதுக்கியது பூச்சி பிடித்து நாறியது. ஆறாம் நாளில் இரண்டு பங்கு கிடைத்தது. அது மட்டும் மறுநாள் கெடவில்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாளில் கூடையோடு வெளியே போனார்கள். அங்கே ஒன்றும் இல்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், கெட்டவர்களும் அல்லர். பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாதே என்ற பயம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். ஆனால் ஆறு நாள் போஷித்தவர் ஏழாம் நாளும் போஷிப்பார் என்பதை நம்ப முடியவில்லை. வேலையை நிறுத்த முடியாமல் தவிக்கிற நம்மில் பலருடைய நிலையும் இதுவே என்று நினைக்கிறேன். நேரப் பற்றாக்குறை அதில் பாதிதான்.

புதிய ஏற்பாட்டில் இயேசு ஓய்வுநாளை ஒழித்துவிடவில்லை. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று சொல்லி, அதன்மேல் ஏற்றப்பட்ட சுமைகளை இறக்கினார். எந்த நாள் என்பதில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. பெரும்பாலான கிறிஸ்தவர்கள் கிறிஸ்து உயிர்த்தெழுந்த ஞாயிறை ஆசரிக்கிறார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையை ஆசரிக்கிறார்கள். ஓய்வுநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதை இரு சாராரும் அன்போடு நினைவில் வைப்பது நல்லது.

எல்லோரும் தேடினார்கள், அவர் போய்விட்டார்

மாற்கு முதல் அதிகாரத்தில் கப்பர்நகூமின் ஜனங்கள் எல்லோரும் ஒரு சாயங்காலம் வீட்டு வாசலில் கூடிவிடுகிறார்கள். இயேசு அநேகரைக் குணமாக்குகிறார். மறுநாள் இருட்டோடே எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்பதே அவருடைய பதில்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலும் அதிர்ச்சியும் ஒன்றாக வரும். கப்பர்நகூமில் அன்று காலை காத்திருந்தவர்களில் நோயாளிகளும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய தேவை உண்மையானது. ஆனாலும் தேவை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் நிற்பதே பிதாவின் சித்தம் என்று இயேசு எண்ணவில்லை. எதற்காக அனுப்பப்பட்டார் என்பதை அவர் ஜெபத்தில் தெளிவாக அறிந்திருந்தார். அதனால் அவரால் மறுக்க முடிந்தது. பிறகு சீஷர்கள் சாப்பிடவும் நேரமில்லாமல் அலைந்தபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுங்கள் என்று அவர்களையும் அழைத்தார். புயலில் படகு தத்தளிக்கும்போது தலையணையில் தலைவைத்துத் தூங்கினார். உலகத்தை மீட்க வந்தவர் தூங்கியிருக்கிறார் என்றால், நாம் நள்ளிரவுவரை கண்விழித்துத்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்பதில்லை.

குடும்பத்துக்காகத்தானே உழைக்கிறேன்?

இதைச் சொல்லாத உழைப்பாளி இல்லை. 1 தீமோத்தேயு 5:8-ஐயும் துணைக்கு அழைப்பார்கள்: தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற வசனம். அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தால், பவுல் அங்கே விதவைகளைப் பற்றிப் பேசுவது தெரியும். கணவனை இழந்த தாயையும் பாட்டியையும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கவனிக்க வேண்டும் என்கிறார். பணம் அதில் நிச்சயம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வராமலே இருப்பதற்கு அந்த வசனத்தைச் சாட்சியாக நிறுத்த முடியாது.

உபாகமம் 6, தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது? வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும். அந்த நேரங்களில் பெற்றோர் கூட இருப்பார்கள் என்பதை அது கேள்வியின்றி எடுத்துக்கொள்கிறது. உபாகமம் 24:5 இன்னும் அழகானது. புதிதாக மணமானவனை ஒரு வருடம் போருக்கு அனுப்பக் கூடாது, வேறு பொறுப்பும் சுமத்தக் கூடாது. அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த வேண்டும். ஒரு தேசத்தின் சட்டத்திலேயே மனைவியின் சந்தோஷத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கொலோசெயர் 3:23, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்கிறது. வேலைக்குச் செல்லும் கிறிஸ்தவர்கள் விரும்பும் வசனம் இது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாரிடம் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கிறிஸ்தவ வீடுகளுக்கே உரிய ஒரு கண்ணியும் உண்டு: ஊழியம். அலுவலக வேலைக்காகக் குடும்பத்தை விட்டால் குற்றம் உறுத்தும். தேவனுடைய வேலைக்காக விட்டால் தியாகமாகத் தோன்றும். இயேசு இதை நேராகவே கண்டித்தார். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களைப் பார்த்து, நீங்கள் தேவனுடைய கற்பனையை அவமாக்குகிறீர்கள் என்றார். தன் வீட்டை நடத்த அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுலும் கேட்கிறார். ஆசாரியனாகிய ஏலியின் மகன்கள் தேவனுடைய காணிக்கையை அவமதித்ததும், நேர்மைக்குப் பெயர்பெற்ற சாமுவேலின் மகன்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கியதும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் வழிதவறுவதெல்லாம் பெற்றோரின் குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஆலயத்தில் இருப்பதாலேயே வீடு தானாக நடந்துவிடாது என்பது மட்டும் தெளிவு.

மெதடிஸ்ட் இயக்கத்தின் வரலாற்றில் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பக்கங்களையும் பார்க்கலாம். அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களில் பத்துப் பேர் வளர்ந்து ஆளானார்கள். வறுமையும் கடனும் நிறைந்த வீடு. அந்தப் பாடுகளின் நடுவிலும், வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென்று வைத்து, தனியாக உட்கார்ந்து அவர்களுடைய ஆத்துமாவைப் பற்றிப் பேசியதாக 1712-ல் கணவருக்கு எழுதினார். வியாழக்கிழமை ஜானுக்கு, சனிக்கிழமை சார்ல்ஸுக்கு. ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பின்பும், தமக்கு அந்த வியாழக்கிழமை மாலையில் சிறு பகுதியை ஒதுக்கித் தரும்படி ஜான் தாய்க்குக் கடிதம் எழுதினார். அதே ஜான் வெஸ்லி 1751-ல் மேரி வாஸெய்ல் என்ற விதவையை மணந்தார். மணமான பிரசங்கியார் மணமாகாதவரைவிட ஒரு பிரசங்கம் குறைவாகச் செய்வதையோ, ஒரு நாள் குறைவாகப் பயணம் போவதையோ தேவனுக்குமுன் எப்படி நியாயப்படுத்த முடியும் என்று அந்த ஆண்டிலேயே நாட்குறிப்பில் எழுதினார். திருமணம் உடைந்தது. 1781-ல் மேரி இறந்தபோது, அடக்கம் முடிந்த பிறகே வெஸ்லிக்குச் செய்தி தெரிந்தது. அந்த முறிவில் குற்றம் ஒருவர் பக்கம் மட்டும் இல்லை. வெஸ்லியின் ஊழியத்தால் வந்த நன்மையையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் தாய் தந்த வியாழக்கிழமைகளைப் போல ஒன்றைத் தன் மனைவிக்கு அவர் தரவில்லை என்பது வருத்தமான உண்மை.

உடலும் தனிமையும்

"எனக்கென்று நேரம்" கேட்பது சுயநலமா என்று பலர் தயங்குகிறார்கள், குறிப்பாகத் தாய்மார்கள். தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட மனிதர், அடுத்து சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் ஊட்டினார். அவரோடு பேசியது ஓரேப் மலையில், அதற்குப் பிறகுதான். சோர்ந்தவருக்குத் தூக்கமும் உணவும் ஆவிக்குரிய உதவிகளே. நெடுநாள் நீடிக்கும் மனச்சோர்வுக்கு மருத்துவரைப் பார்ப்பதும் அப்படியே.

நேரம் தன் கையில் இல்லாதவர்களுக்கு

இதையெல்லாம் படிக்கும் எல்லோருக்கும் வேலை நேரத்தைத் தீர்மானிக்கும் வசதி இருக்காது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய், அன்றன்று உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவர், படுக்கையிலிருக்கும் பெற்றோரைக் கவனிக்கும் மகள் ஆகியோரிடம் "ஒரு நாள் ஓய்ந்திருங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. முதல் மூன்று நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. அந்த ஆதிக் கிறிஸ்தவர்களில் அநேகர் அடிமைகள். விடியுமுன் கூடி ஆராதித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-ல்தான் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தான். அப்போதும் விவசாயிகளுக்கு வேலை செய்ய அனுமதி இருந்தது. கிடைத்த சில மணி நேரத்தை முழுமனதோடு எடுத்துக்கொள்வதை தேவன் குறைவாக எண்ண மாட்டார்.

இவர்களைப் பொறுத்தவரை பொறுப்பு மற்றவர்கள்மேல் வருகிறது. எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறது கொலோசெயர் 4:1. 1891-ல் திருத்தந்தை 13-ம் லியோ தொழிலாளர் நிலையைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஞாயிறு ஓய்வும், உடலை உருக்குலைக்காத வேலை நேரமும், வாழ்வதற்குப் போதுமான கூலியும் நீதியின் பாற்பட்டவை என்று வலியுறுத்தினார். நீங்கள் ஒரே ஒருவருக்கு வேலை கொடுப்பவராக இருந்தாலும் அவருடைய ஓய்வு உங்கள் கணக்கில் சேரும். சபையும் தன் பங்குக்கு, வாரத்தின் எல்லா மாலைகளையும் கூட்டங்களால் நிரப்பிவிட்டுக் குடும்ப ஜெபத்தைப் பற்றிப் பிரசங்கிப்பதை விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை அந்தத் தாயின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை அனுப்பலாம்.

எங்கே தொடங்குவது

நாளையே எல்லாவற்றையும் மாற்ற முயல வேண்டாம். வாரத்தில் ஒரு நாளையோ, அது முடியாவிட்டால் அரை நாளையோ தேர்ந்தெடுங்கள். அந்த நேரத்தில் அலுவலகச் செய்திகளைப் பார்க்காதிருங்கள். எது உண்மையான அவசரம் என்பதை மேலாளரோடும் உடன் வேலை செய்பவர்களோடும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடுவதை இயேசுவே ஒத்துக்கொண்டார். வீட்டு வேலைகளை முந்தின நாளே பகிர்ந்து முடித்துவிடுங்கள். இல்லையேல் ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய பாரமாகிவிடும்.

முதல் சில வாரங்கள் அமைதியாக இருக்காது. கை பரபரக்கும், ஏதோ நழுவிப்போவதுபோல் தோன்றும். அந்தப் பரபரப்பையே ஜெபமாக மாற்றலாம்: "இதை நான் பார்க்காவிட்டாலும் நீர் பார்ப்பீர்." கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா என்று தொடங்கும் 127-ம் சங்கீதத்தைப் படுக்குமுன் வாசிக்கலாம். ஐந்தே வசனங்கள்தான், வேலையில் தொடங்கி, தூக்கத்தைத் தொட்டு, பிள்ளைகளில் வந்து முடிகிறது.

கணவனும் மனைவியும் மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, வரப்போகும் வேலைகளை ஒன்றாகப் பாருங்கள். புதிய பொறுப்போ பதவி உயர்வோ வந்தால், சம்பளத்தோடு சேர்த்து, எத்தனை மாலைகள் போகும் என்பதையும் எழுதிவைத்துப் பேசுங்கள். சில பருவங்களில் வேலையே கூடுதலாகக் கேட்கும். அப்போது அது எப்போது முடியும் என்று வீட்டாருக்கு ஒரு தேதி சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து, என்ன மாறியிருக்கிறது என்று எல்லோரையும் கேளுங்கள். பிள்ளைகள் முதலில் பேசட்டும், நீங்கள் குறுக்கிடாமல் கேளுங்கள்.